கோட்டுப் போட்ட வாழை

இவர் வாழைக்கு முன்னால் வழியை மறித்துக்கொண்டு நின்றார். கையில் மண்வெட்டி. நான் சமையலறைக் கத்தரிக்கோலோடு ஈரப் புல்லில் நின்றேன். என் வயிறு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

"உள்ளை போம். வழுக்கப்போகுது," என்றார்.

"தள்ளுங்கோ. நான் அவிட்டுப் பாக்கப்போறன்."

"இண்டைக்கு வேண்டாமெண்டு சொன்னனான்."

"ஏன் வேண்டாம்?"

மண்வெட்டியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

அந்த வருடத்தின் முதல் வெயில் அன்றைக்குத்தான் லண்டனுக்கு வந்திருந்தது. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அக்கம்பக்கத்து வீடுகளின் பின்வளவுகளில் எல்லாம் சனம் வெளியே வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க ஜன்னல் கண்ணாடியில் மட்டும் தெரிந்த முகங்கள் வேலிக்கு மேலால் சுகம் விசாரித்துக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு புல்வெட்டும் மெஷின் கிளம்பப் பார்த்து, முடியாமல் நின்று, மறுபடியும் கிளம்பப் பார்த்தது. ஊரே சிரித்துக்கொண்டிருந்த அந்தக் காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாழையின் பேரில் மண்வெட்டியும் கத்தரிக்கோலுமாக நின்றதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் நான் இல்லை. விடிந்ததிலிருந்து என் வயிற்றில் பிள்ளை அசையவில்லை. அதை நான் இவரிடம் சொல்லவும் இல்லை.

ஏன் சொல்லவில்லை, அதற்கும் வாழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

ரயில் பாதையோர வளவு

எண்பதுகளின் நடுவில் நாங்கள் லண்டன் லூயிஷாமில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். முன்னால் நின்று பார்த்தால் ஒரு கதவும் ஒரு ஜன்னலும்தான் வீடு. பின்னால் போனால் நீளமாக, ஒடுக்கமாக ஒரு வளவு. அது ரயில் பாதைக் கரையில் போய் முட்டி நிற்கும். ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கும்.

இவரைப் பற்றி இந்தப் பத்தியில் முந்தைய வாரங்களில் வேண்டிய மட்டும் குறை சொல்லிவிட்டேன். புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக ஒரு வரி: இவர் என்றால் என் கணவர். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவர். லண்டனில் பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சிகரெட்டும் சில்லறையும் நீட்டினவர். ஷிப்ட் முடிந்து வந்தால் சப்பாத்தைக் கழற்றாமலே பின்வளவுக்குப் போய்விடுவார். என்னோடு பேசுகிறதை விட மண்ணோடு பேசியதுதான் அதிகம் என்று நான் சொன்னால் மறுக்கமாட்டார். மறுக்கவும் வாயைத் திறக்கவேண்டுமே.

கோடையில் அந்த வளவில் இல்லாத மரக்கறி இல்லை. ஆனால் ஐப்பசி பிறந்தால் எல்லாம் போய்விடும். அதற்குப் பிறகு வளவு என்பது சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஒரு சேற்று நிறம். குப்பை போடக்கூட ஓடிப்போய் ஓடிவருவோம். பங்குனியில் ஒரு நாள் கதவைத் திறந்து கால் வைக்கும்போது, நம்முடைய வளவுக்கே நாம் விருந்தாளி மாதிரிக் கூச்சமாக இருக்கும். கொட்டிலின் பூட்டில் துரு. வாளியில் பச்சைத் தண்ணீர். கொடிக் கயிற்றில் மறந்துபோன ஒரு காலுறை, பலகை மாதிரி.

அந்த வருடம் அந்தக் கூச்சத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது.

வாயில் வரக்கூடாதவை

எங்கள் ஆட்களுக்குக் கெட்டது நடப்பதைவிட, அதை வாயால் சொல்வதுதான் பெரிய பயம். வீட்டில் அரிசி தீர்ந்தால் "அரிசி நிறைஞ்சு போச்சு" என்போம். வெளிக்கிடும்போது "போறன்" என்று சொன்னால் வாயில் அடி விழும். "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். வருத்தக்காரருக்கு என்ன நோய் என்று கேட்டால், பெயரைச் சொல்லாமல் "அந்த வருத்தம்" என்பார்கள். சொன்னால் அது காது கொடுத்துக் கேட்டு, வாசலுக்கு வந்துவிடுமாம்.

நான் கல்யாணத்துக்கு முன்பு கொழும்பில் வேலை பார்த்தவள். ஒரு நாள் மாமா வந்து நின்றார். அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, பார்த்துவிட்டு வரலாம் என்றார். பகல் முழுக்க யாழ்ப்பாண ரயிலில் இருந்தோம். மாமா எனக்குத் தோடம்பழம் உரித்துத் தந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வடை வாங்கித் தந்தார். கொப்பர் உன்னைக் கண்டவுடனே எழும்பி இருப்பார் பார் என்றார். எங்கள் ஒழுங்கை முகப்பில் செத்தவீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. எல்லாம் முதல் நாளே முடிந்துவிட்டது. கையில் கடைசி வடையோடு நான் அந்தக் கொடியைப் பார்த்தேன். மாமா நல்லவர். ஆனால் அந்த வடைகளுக்காக நான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்போதே ஒரு சபதம் எடுத்திருக்கவேண்டும், இனிக் கெட்டதை மூடி மறைக்கிறதில்லை என்று. எடுத்தேனா? இல்லை. நானும் அதே சேற்றில் முளைத்தவள்தானே.

லண்டனுக்கு வந்தபின் எனக்கு இரண்டு தரம் பிள்ளை தங்கவில்லை. முதல் தரம் தொடக்கத்திலேயே. இரண்டாம் தரம் வயிறு தெரியத் தொடங்கியபிறகு. முதல் தரம் ஆஸ்பத்திரியால் வந்ததும் இவர் சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார். இரண்டாம் தரம் பின்வளவு முழுவதையும் கொத்திப் புரட்டினார். புல்லே இல்லாமல் கொத்தினார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் துணிந்து "அந்தப் பிள்ளை" என்று பேச்சைத் தொடங்கினேன். "தேத்தண்ணி ஆறுது" என்றார்.

அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் அழுததை ஒருவருக்கொருவர் காட்டவில்லை.

கோட்டுக்காரர்

மூன்றாவது தரம் டாக்டர் உறுதி சொன்ன அந்த வாரமே இவர் லூயிஷாம் சந்தையிலிருந்து ஒரு வாழைக்கன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்களாம். நடந்தே வந்தார். விற்றவர் ஒரு ஜமைக்கா மனிதர். இது குளிர் தாங்குகிற சாதி, ஆனால் பனிக்காலத்தில் குழந்தையைச் சுற்றுகிற மாதிரிச் சுற்றி வைக்கவேண்டும், பங்குனியில் அவிழ்த்தால் தளிர் விடும் என்று சொன்னாராம்.

குழந்தையைச் சுற்றுகிற மாதிரி. அந்தச் சொல்தான் இவரைப் பிடித்திருக்கவேண்டும். இவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வெயில் படுகிற மூலையில் அதை நட்டபின், காலையில் எழும்பினால் முதலில் வாழையைப் போய்ப் பார்ப்பார், பிறகு வந்து என்னைப் பார்ப்பார். வாழை ஒரு இலை விட்டால் அன்றைக்கு எனக்குப் பால் கூடுதலாகக் காய்ச்சுவார். காற்றடித்து இலை கிழிந்த நாள் சாப்பிடாமல் வேலைக்குப் போனார்.

வாழை பிழைத்தால் பிள்ளை பிழைக்கும். இது எங்கள் ஊர் நம்பிக்கை ஒன்றும் இல்லை. முழுக்க முழுக்க இவருடைய சொந்தத் தயாரிப்பு. பௌதிகம் படித்த மூளை இப்படி வேலை செய்கிறதே என்று நான் கிழி கிழியென்று கிழித்தேன். சிரித்தார். மறுக்கவில்லை.

முதல் பனியில் இலைகள் கறுத்துத் தொங்கின. அவற்றை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றி வைக்கோல் கட்டினார். அதற்கு மேல் பழைய கம்பளி. அதற்கு மேல் எதைப் போடுவது என்று வீடெல்லாம் தேடி, என்னுடைய மண்நிற ஓவர்கோட்டை எடுத்துக்கொண்டு போனார். அது அப்போது என் வயிற்றில் பொத்தான் பூட்ட மறுத்துவிட்டது. வாழைக்கு அளவாக இருந்தது. கழுத்துவரை பொத்தான் பூட்டி, நீல நைலோன் கயிற்றால் இடுப்பில் கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு சமையலறை ஜன்னலால் பார்த்தால் மழைக்குள் ஒரு ஆள் நிற்கிற மாதிரியே இருக்கும். பக்கத்து வீட்டு மோரீன் ஒரு விதவை. ஐரிஷ் மனுஷி. உங்கள் கோட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று வேலிக்கு மேலால் விசாரிப்பாள். பனி கொட்டிய நாளில், பாவம், உள்ளே கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுக்கக்கூடாதா என்றாள்.

நான் சிரித்தேன். ஆனால் வயிறு பெருக்கப் பெருக்க, பகிடி மெல்ல மெல்லக் கழன்றது. பாத்திரம் கழுவும்போது என் கண் தானாக அந்தக் கோட்டுக்குப் போகும். உள்ளே என்ன நடக்கிறது? பச்சையாக நிற்கிறதா? யாரிடம் கேட்பது? எனக்கு உள்ளே இருந்ததும் அப்படித்தான் மூடிக் கட்டிக் கிடந்தது. இவரைக் கிழித்தவள் நானே அந்த நம்பிக்கைக்குள் விழுந்துவிட்டேன்.

வெயில் வந்த ஞாயிறு

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பழக்கம் இருந்தது. முதல் ரயில் போய்க் கோப்பைகள் கிலுங்கினவுடன் உதைக்கும். கையைக் கொண்டுபோய் வைத்தால் குதிக்கால் தட்டுப்படும். அன்றைக்கு ரயில் போனது. கோப்பைகள் கிலுங்கின. வயிறு சும்மா இருந்தது.

அடுத்த ரயிலும் போனது.

குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு இடப்பக்கம் சரிந்து படுத்தேன். விரலால் தட்டிப் பார்த்தேன். தூங்குகிறது என்று எனக்கு நானே சொன்னேன். நாள் நெருங்கினால் அசைவு குறையும் என்று யாரோ சொன்னதை நினைவுபடுத்திக்கொண்டேன். யார் சொன்னது என்று நினைவு வரவில்லை.

பின்வளவில் மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது. எழும்பி ஜன்னலால் பார்த்தேன். இவர் சேர்ட் கையை மடித்துவிட்டு வெங்காயப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தார். மண்ணிலிருந்து ஆவி எழும்பியது. நான் இதைப் போய் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த முகம் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். அதோடு, சொன்னால் அது உண்மையாகிவிடும். படிக்காதவள் மாதிரிப் பேசுகிறேனா? படித்தவள்தான். அந்தக் காலையில் படிப்பு எனக்குக் கை கொடுக்கவில்லை.

அப்போதுதான் கோட்டைப் பார்த்தேன். அதை அவிழ்த்தால் தெரிந்துவிடும் என்று மனம் சொன்னது. உள்ளே பச்சை இருந்தால் வயிற்றிலும் ஒரு கெடுதலும் இல்லை, பிள்ளை தூங்குகிறது. சரி, அவிழ்க்கட்டும்.

தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாழையை அவிழ்க்கிற காலம் வந்துவிட்டதே என்று சாதாரணமாகக் கேட்டேன். இன்னும் ஒரு பனி கிடக்கு, ரேடியோவில் சொன்னான் என்றார். ரேடியோவில் நான் அப்படி ஒன்றும் கேட்கவில்லை.

கொட்டிலைத் துப்பரவு செய்தார். அதில் உள்ள சட்டிகளை எல்லாம் வெளியே அடுக்கி, பிறகு உள்ளே அடுக்கினார். நத்தை பிடித்தார். வேலிப் பலகைக்கு ஆணி அடித்தார். மோரீனோடு வானிலை பேசினார். வாய் திறக்காத மனிதன் வானிலை பேசுகிறார். அந்த மூலைக்கு மட்டும் போகவில்லை. நான் வாசற்படியில் நின்று இரண்டாம் தரம் கேட்டேன். இன்றைக்கு அட்டமி, அட்டமியில் ஒன்றும் தொடங்கக்கூடாது என்றார். வெங்காயம் மட்டும் அட்டமியில் நடலாமோ என்றேன்.

அவர் குனிந்து கொத்தத் தொடங்கினார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வயிற்றில் ஒரு புரளல்கூட இல்லை. கல்லைச் சுமந்த மாதிரி அடிவயிறு கனத்தது. மூன்றாம் தரம் நான் கேட்கவில்லை. சமையலறை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, ஈரப் புல்லில் இறங்கி நடந்தேன்.

கயிறு

இப்படித்தான் இவர் வாழைக்கு முன்னால் வந்து நின்றார்.

நான் அவரைச் சுற்றிப் போனேன். தள்ளவில்லை, திட்டவில்லை. பெரிய வயிறு உள்ள பெண்ணைக் கை வைத்துத் தடுக்க அவருக்குத் துணிவில்லை. நீலக் கயிறு குளிரில் விறைத்துப்போயிருந்தது. கத்தரிக்கோல் அதில் வழுக்கியது. இரண்டு கையாலும் அழுத்தி வெட்டினேன். பிறகு கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கழற்றினேன். என்னுடைய கோட்டு. ஒவ்வொரு பொத்தானும் எனக்குத் தெரியும்.

"கழட்டாதையும்," என்றார். குரல் கெஞ்சியது. நான் கேட்கவில்லை.

கோட்டு விலகியது. கம்பளி கனத்து, நனைந்து, தானாகச் சரிந்தது. வாடை முகத்தில் அடித்தது. புளித்த சோறும் செத்த எலியும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. வைக்கோலை விலக்கினேன். விரல்கள் தண்டுக்குள் போய்விட்டன. தண்டு என்று அங்கே ஒன்று இல்லை. கபில நிறத்தில் கூழ். கையோடு வந்தது.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அது மாசியிலேயே போயிட்டுது," என்றார் இவர் பின்னாலிருந்து. "நான் அமத்திப் பாத்தனான். உமக்கு என்னெண்டு சொல்லுறது? பிள்ளை பிறக்கட்டும், பேந்து சொல்லுவம் எண்டு இருந்தனான்."

மாசியிலிருந்து. அதன் பிறகும் காலையில் போய்ப் பார்த்தார். கயிற்றை இறுக்கிக் கட்டினார். மோரீன் கேட்டபோது நன்றாக இருக்கிறார் என்று சொன்னார். எனக்காக ஒரு செத்த மரத்துக்குக் கோட்டுப் போட்டுக் காத்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வர இடமில்லாமல் பயம் நிறைந்திருந்தது. நான் திரும்பினேன்.

"பிள்ளை அசையேல்லை," என்றேன்.

"எப்பவிலயிருந்து?"

"விடியத்தொட்டு."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

மண்வெட்டி புல்லில் விழுந்தது. அந்த மனிதன் அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. மோரீன் என்று கத்தினார்.

மோரீனின் கார்

மோரீன் சேற்றுச் சப்பாத்தோடும் தோட்டக் கையுறையோடும் காரை எடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பு விளக்கு வந்த இடத்தில் ஒரு தரம் சிலுவை போட்டுக்கொண்டாள். வீதியெல்லாம் வெயில். கடை வாசல்களில் பூச்சட்டிகள் விற்கக் கிடந்தன. ஆட்கள் மண் மூட்டைகளைக் காருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தங்கள் தங்கள் வளவுக்குத் திரும்புகிற நாளில் நாங்கள் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினோம்.

அந்த வாழைக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்கிற வாசகர்கள் இருப்பார்கள். வேர் பிழைத்து, பக்கத்தில் ஒரு குட்டி முளைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முளைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து இவர் கிழங்கைத் தோண்டிப் பார்த்தார். அதுவும் அழுகல். குப்பைப் பையில் போட்டுக் கட்டினார். அந்த இடத்தில் மோரீன் தந்த ருபார்ப் என்ற புளித்தண்டுச் செடியை நட்டோம். அது களை மாதிரி வளர்ந்தது. எனக்கு அதன் புளிப்புப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்த மிட்வைஃப் பெரிய உடம்புக்காரி, மெதுவான குரல். என் கையைப் பிடித்தவுடன் மூக்கைச் சுளித்தாள். நகத்துக்குள் எல்லாம் அந்தக் கூழ். ஈரத் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே, கடைசியாக எப்போது அசைந்தது என்று கேட்டாள். நேற்று என்றேன். ஏன் டார்லிங், விடியவே வந்திருக்கக்கூடாதா என்றாள்.

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வாழை மரத்தை அவிழ்க்கக் காத்திருந்தோம் என்பதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

வயிற்றில் பட்டியைக் கட்டினாள். மெஷினில் முதலில் இரைச்சல் மட்டும் வந்தது. இடம் மாற்றினாள். இரைச்சல். இன்னும் கீழே மாற்றினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். இவர் என் காலடியில் நின்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கோ தூரத்தில் ஒரு சத்தம் பிடிபட்டது. ஓடவேண்டிய ஒன்று நடக்கிற மாதிரி ஒரு சத்தம். நின்று நின்று வந்தது.

இருக்கிறது என்றாள் மிட்வைஃப். ஆனால் சிரிக்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். அறைக்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

டாக்டர் பெண், என்னைவிடச் சின்னவள். பேச வாய் எடுத்தாள். இவர் குறுக்கே போய், அவளை ஒருபக்கம் கூப்பிட்டு, தன்னிடம் சொல்லச் சொன்னார். மனைவிக்கு ஒன்றும் சொல்லவேண்டாம், பயந்துவிடுவாள் என்றார் ஆங்கிலத்தில். நல்ல மனம்தான். மாமாவுக்கும் நல்ல மனம்தான்.

"என்னட்டைச் சொல்லச் சொல்லுங்கோ," என்றேன் நான். "இனி ஒண்டும் மறைக்க வேண்டாம்."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு விலகி நின்றார்.

டாக்டர் என் பக்கத்தில் குனிந்து சொன்னாள். தொப்புள்கொடி எங்கோ சுற்றியிருக்கலாம். பிள்ளைக்கு மூச்சுப் போதவில்லை. இப்போதே வெட்டி எடுக்கவேண்டும். எடுத்தாலும் பிழைக்கும் என்று தன்னால் வாக்குத் தர முடியாது. அவ்வளவையும் சொன்னாள். சொல்லச் சொல்ல எனக்கு நடுக்கம் குறைந்தது. ஏனென்று இன்றைக்கும் விளங்கவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். இவர் கூடவே ஓடிவந்தார். ஒரு கதவில் அவரை நிறுத்திவிட்டார்கள். பிறகு முகத்தில் ஒரு மூடி. ரப்பர் மணம்.

சொல்லுங்கோ

முதலில் தொண்டை எரிந்தது. பிறகு வயிறு நெருப்பாக எரிந்தது. கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் மாலை வெயில் இன்னும் கொஞ்சம் இருந்தது. கையைக் கொண்டுபோய் வயிற்றில் வைத்தேன். தட்டையாக இருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டில் இல்லை.

இவர் கதிரையில் இருந்தார். சேர்ட் கை இன்னும் மடித்தபடி. முழங்காலில் சேறு. என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. மூடியது. கண் சிவந்து வீங்கியிருந்தது. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். இரண்டு தரம் பார்த்த முகம். ஒரு தரம் அதற்குப் பிறகு மஞ்சள் பெயின்ட் வந்தது, ஒரு தரம் மண்வெட்டி வந்தது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தேன். கேட்காமல் இருந்தால் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கலாம். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் தெரியாமல் இருப்பதில் என்ன சுகம்? காலையிலிருந்து தெரியாமல்தானே இருந்தேன்.

"சொல்லுங்கோ," என்றேன். "எதெண்டாலும் சொல்லுங்கோ."

அவர் என் கையைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். வரவில்லை. மறுபடியும் செருமினார். கெட்டதைச் சொல்லிப் பழகாத மனிதன். நல்லதைச் சொல்லியும் பழகவில்லை. இரண்டுக்கும் அவருக்கு ஒரே முகம்தான் இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"பெட்டை," என்றார். "கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கினம். உயிரோடை இருக்கிறாள். நான் பாத்திட்டன். உயிரோடை இருக்கிறாள்."

எங்கள் ஆட்கள் பிறந்த பிள்ளையைப் பற்றி இப்படி ஒருநாளும் சொல்லமாட்டார்கள். பிள்ளை சுகம், தாயும் சுகம் என்பார்கள். உயிரோடு இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவச்சொல் என்று வாயைப் பொத்துவார்கள். என் அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் அங்கேயே இவரை ஏசியிருப்பார்.

எனக்கு அந்த ஒரு சொல்தான் வேண்டியிருந்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றேன்.

சொன்னார்.